ரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ. தேடும்போது: எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை?

புற்றுநோயாளியின் ரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ.வைத் தேட நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன: நிகழ்நேர பி.சி.ஆர். (குறிப்பிட்ட டி.என்.ஏ. பகுதியைப் பெருக்கி, பெருகும்போதே அளப்பது), டிஜிட்டல் பி.சி.ஆர். (கலவையைச் சிறு துளிகளாகப் பிரித்துப் பெருக்கி எண்ணுவது), அடுத்த தலைமுறை வரிசையாக்கம் (துண்டுகளின் எழுத்து வரிசையையே படிப்பது). இவற்றில் எது அதிக நுண்மையானது என்று விசாரித்து, பதில் கிடைத்ததும் கருவிக்கு ஆர்டர் போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் எந்தக் கேள்விக்காகச் சோதிக்கிறோம், எத்தனை மில்லிலிட்டர் பிளாஸ்மாவை (செல்களை நீக்கிய ரத்தத் திரவத்தை)ப் பார்க்கிறோம், எவ்வளவு நீளமான துண்டைத் தேடுகிறோம் என்ற மூன்றும் கருவிக்கு முன்பே முடிவைப் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. இவற்றில் கோட்டைவிட்டால் பழைய கருவியும் புதிய கருவியும் ஒரே தவறைத்தான் செய்யும். புதியது அதைத் தசமப் புள்ளியோடு சொல்லும், அவ்வளவுதான்.

கேள்வியைப் பிரித்துக்கொள்வது

வைரஸ் சார்ந்த புற்றுநோய்களில் ரத்தச் சோதனைக்கு இயல்பாகவே ஒரு வசதி உண்டு. மற்றப் புற்றுநோய்களில் கட்டியிலிருந்து கசிந்த டி.என்.ஏ.வை, உடலின் சொந்த டி.என்.ஏ.விலிருந்து ஓரெழுத்து மாற்றத்தை வைத்துப் பிரித்தறிய வேண்டும். இங்கே தேடும் வரிசை மனித மரபணுத் தொகுதியில் கிடையவே கிடையாது. போதாக்குறைக்கு, ஒரு கட்டிச் செல்லுக்குள் வைரஸின் பல நகல்கள் இருக்கலாம். அதனால் சைகையும் வலுவாக வரும்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அதே வைரஸ் கட்டியே இல்லாதவர் உடலிலும் இருக்கலாம். வயது வந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் ஈ.பி.வி. எனப்படும் எப்ஸ்டீன்-பார் வைரஸை வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறார்கள்; அது அவர்களின் நினைவு பி-செல்களில் உறங்கிக் கிடக்கும். கல்லீரல் அழற்சி பி வைரஸ் உள்ளவருக்குக் கட்டி இல்லாமலேயே ரத்தத்தில் லட்சக்கணக்கான நகல்கள் ஓடும். ஆகவே "வைரஸ் இருக்கிறதா?" என்பது வேறு, "கட்டியிலிருந்து வந்த வைரஸ் டி.என்.ஏ. இருக்கிறதா?" என்பது வேறு.

சோதனை எழுதும்போது கேள்வி இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். அறிகுறி இல்லாத ஒருவரிடம் கட்டியைத் தேடுகிறோமா? வைரஸ் வகை தெரிந்த கட்டிக்குச் சிகிச்சை பலிக்கிறதா, திரும்ப வருகிறதா என்று பார்க்கிறோமா? எந்த வைரஸ், எந்த வகை என்றே தெரியாமல் தேடுகிறோமா? அல்லது கட்டியைவிட வைரஸின் பெருக்கமே இப்போது ஆபத்தா? இரண்டாவது கேள்விக்குப் பி.சி.ஆர். போதும். மூன்றாவதற்கு வரிசையாக்கம் இல்லாமல் முடியாது. முதல் கேள்வியில்தான் போட்டி கடுமை. நான்காவதில் கருவியைப் பற்றிய விவாதமே தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட நிகழ்நேர பி.சி.ஆர். கிட் ஒன்றை எடுத்து, எப்போதும் அதையே பயன்படுத்தினால் போதும்.

எடுத்த ரத்தத்தில் எவ்வளவைப் பார்த்தோம்?

ஒரு நகலையாவது பிடிக்க 95 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால், கருவிக்குள் போகும் அளவில் சராசரியாக 3 நகல்கள் இருக்க வேண்டும். இது அரிதான நிகழ்வுகளின் வாய்ப்பைக் கணிக்கும் பாய்ஸான் கணக்கு. எந்தக் கருவியும் இதைத் தாண்டிப் போக முடியாது.

இப்போது இரண்டு ஆய்வகங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 1 மி.லி. பிளாஸ்மாவிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, 50 மைக்ரோலிட்டரில் கரைத்து, அதில் 5 மைக்ரோலிட்டரை பி.சி.ஆர். தட்டின் ஒரே ஒரு கிணற்றில் (சிறு குழியில்) போடுகிறது. உண்மையில் அது பார்த்தது 0.1 மி.லி. பிளாஸ்மா. பிரித்தெடுப்பில் ஒரு துளிகூட இழப்பில்லை என்று வைத்துக்கொண்டாலும், மில்லிலிட்டருக்கு 30 நகல்களுக்குக் கீழே போனால் அது நம்பிக்கையோடு எதையும் சொல்ல முடியாது. இரண்டாவது ஆய்வகம் 4 மி.லி. பிளாஸ்மாவை அதே 50 மைக்ரோலிட்டரில் கரைத்து, கிணற்றுக்கு 9 மைக்ரோலிட்டர் வீதம் நான்கு கிணறுகளில் போடுகிறது. அது பார்ப்பது 2.88 மி.லி.; வரம்பு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 நகல். முப்பது மடங்கு வேறுபாடு, கருவியைத் தொடாமலே.

இதே நான்கு கிணறுகளைத் துளி வகை டிஜிட்டல் கருவியில் ஓட்டினால் சின்ன வேடிக்கை ஒன்று நடக்கும். 20 மைக்ரோலிட்டர் கலவையில் ஒவ்வொரு துளியும் சுமார் 0.85 நானோலிட்டர். ஒரு கிணற்றில் எண்ணப்படும் துளிகள் 15,000 என்றால், எண்ணிய கலவை 12.75 மைக்ரோலிட்டர்தான், மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் எண்ணப்படாமலே போகிறது. 2.88 மி.லி. இப்போது 1.84 மி.லி. ஆகிவிடும். "டிஜிட்டல் அதிக நுண்மையானது" என்று சொல்லும் ஒப்பீடுகளைப் படிக்கும்போது, இரு பக்கமும் ஒரே அளவு பிளாஸ்மாவைப் பார்த்தார்களா என்பதை முதலில் தேட வேண்டும். பல சமயம் வேறுபாடு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது துண்டின் நீளம். பிளாஸ்மாவில் மிதக்கும் டி.என்.ஏ. பெரும்பாலும் 166 பேஸ் (டி.என்.ஏ. எழுத்து) அளவிலான துண்டுகள். வைரஸ் துண்டுகள் பொதுவாக அதைவிடவும் குட்டையானவை. பி.சி.ஆர். பெருக்க வேண்டிய பகுதி முழுவதும் ஒரே துண்டுக்குள் இருந்தால்தான் வேலை நடக்கும். 166 பேஸ் துண்டுகள் தாறுமாறான இடங்களில் வெட்டுப்பட்டவை என்று கொண்டால், 60 பேஸ் ஆம்ப்ளிகானுக்கு (பெருக்கும் பகுதிக்கு) சுமார் 64 விழுக்காடு துண்டுகள் பயன்படும். 100 பேஸுக்கு 40 விழுக்காடு. 150 பேஸுக்கு 10 விழுக்காடுதான். ஆகவே 80 பேஸுக்கு மேல் போகாமல் வடிவமைப்பது நல்லது. எச்.பி.வி. (மனித பாப்பிலோமா வைரஸ்) தேடும் கருப்பைவாய்ப் பரிசோதனையில் காலங்காலமாகப் பயன்படும், அந்த வைரஸின் எல்1 மரபணுவைக் குறிவைக்கும் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குட்டை டி.என்.ஏ.) ஜோடிகளில் ஒன்று 450 பேஸும் இன்னொன்று 150 பேஸும் பெருக்குபவை. செல்களைத் துடைத்தெடுத்த மாதிரிக்கு அவை அருமை. பிளாஸ்மாவில் அவற்றை ஓட்டிவிட்டு "எச்.பி.வி. இல்லை" என்று எழுதினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

எல்1 மரபணுவைத் தேர்ந்தெடுப்பதிலேயே இன்னொரு கோளாறும் இருக்கிறது. எச்.பி.வி. மனித டி.என்.ஏ.வுக்குள் நுழைந்து ஒட்டிக்கொள்ளும்போது ஈ2 பகுதி அடிக்கடி உடைகிறது, எல்1 தொலைந்துபோகலாம். கட்டிச் செல் உயிர்வாழத் தேவைப்படும் ஈ6, ஈ7 மரபணுக்கள் இரண்டும் மட்டும் எப்போதும் தங்கும். எனவே குறி அவற்றின் மேல்தான் இருக்க வேண்டும்.

குழாயில் நடக்கும் தவறுகள்

சோதனை கெடுவது பெரும்பாலும் ரத்தம் எடுத்த முதல் சில மணி நேரத்தில். ஈ.டி.டி.ஏ. (ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள்) குழாயில் எடுத்தால் 4 மணி நேரத்துக்குள், அதிகம் போனால் 6 மணி நேரத்துக்குள், பிளாஸ்மாவைப் பிரித்துவிட வேண்டும். தாமதமானால் வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டி.என்.ஏ.வைக் கொட்டும். எச்.பி.வி. தேடுபவருக்கு இதனால் நேரும் நட்டம், மனித டி.என்.ஏ. பெருகிக் கணக்கைக் குழப்புவது. ஈ.பி.வி. தேடுபவருக்கோ இது நேரடிப் பொய் விடை: உடைந்த பி-செல்களில் உறங்கிய வைரஸே பிளாஸ்மாவில் தெரியும்.

தூரத்திலிருந்து மாதிரி வருமென்றால் செல்களை உடையாமல் காக்கும் ஸ்ட்ரெக் குழாய் போன்றவை உண்டு. அதில் 6 முதல் 37 டிகிரி வரையிலான வெப்பத்தில் 14 நாள் வைக்கலாம். ஆனால் குழாயை முழுதாக நிரப்ப வேண்டும், எடுத்த உடனே எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், பிரிக்கும்வரை உறைய விடக்கூடாது. பாதி நிரம்பிய குழாயும் குலுக்கிய குழாயும் இந்தக் கூடுதல் செலவை வீணாக்கும். ஹெபாரின் குழாய் வேண்டவே வேண்டாம், ஹெபாரின் பி.சி.ஆர். நொதியை முடக்கும். சீரமும் வேண்டாம்; ரத்தம் உறையும்போதே வெள்ளணு டி.என்.ஏ. கலந்துவிடும்.

சென்ட்ரிஃப்யூஜ் இரண்டு முறை: முதலில் 1,600 ஜி (புவியீர்ப்பின் மடங்கு), 10 நிமிடம், மேல்பகுதியை வேறு குழாய்க்கு மாற்றி 16,000 ஜி, 10 நிமிடம். முதல் சுற்றுக்குப் பின் வெள்ளணுப் படலத்துக்கு மேலே அரை சென்டிமீட்டர் பிளாஸ்மாவை அப்படியே விட்டுவிட வேண்டும். அந்த மிச்சத்தையும் உறிஞ்சிவிடும் கைதான் மொத்த மாதிரியையும் கெடுப்பது. பிளாஸ்மா சிவந்திருந்தால் குறித்து வைக்கவும், ஹீமோகுளோபினும் பி.சி.ஆர்.-ஐத் தடுக்கும்.

பிரித்தெடுப்பில் குட்டைத் துண்டுகளைப் பிடிக்கும் கிட் வேண்டும். முழு ரத்தத்துக்கான சாதாரண கிட்கள் நீளத் துண்டுகளை நன்றாகப் பிடித்துவிட்டு 150 பேஸ் துண்டுகளைக் கழுவிவிடும். பிரித்தெடுப்பு விளைச்சலைக் கூட்டக் கேரியர் ஆர்.என்.ஏ. சேர்த்திருந்தால், ஒளி உறிஞ்சலை வைத்து டி.என்.ஏ.வை அளக்கும் கருவி காட்டும் எண் பொருளற்றது. இரட்டை இழை டி.என்.ஏ.வுடன் மட்டும் ஒட்டும் ஒளிர்சாயத்தால்தான் அளக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும், பிரித்தெடுக்கும் முன்பே, மனிதனிலும் தேடும் வைரஸிலும் இல்லாத ஒரு குட்டை டி.என்.ஏ.வைத் தெரிந்த அளவில் சேர்த்துவிடுங்கள். அது திரும்பக் கிடைக்கவில்லை என்றால், "இல்லை" என்ற விடையை வெளியே அனுப்பக்கூடாது.

நிகழ்நேர பி.சி.ஆர்.

மலிவு, வேகம், பழக்கம் மூன்றும் இதன் பக்கம். பிரித்தெடுத்த பிறகு இரண்டு மணி நேரத்தில் ஒரே தட்டில் 96 கிணறுகள் முடிந்துவிடும். ஹாங்காங்கில் டென்னிஸ் லோ குழுவினர் 1999-இல் மூக்குத்தொண்டைப் புற்றுநோயாளிகளின் பிளாஸ்மாவில் ஈ.பி.வி. டி.என்.ஏ.வை அளந்தது இந்த முறையில்தான். நோயாளிகளில் 96 விழுக்காட்டினரிடமும், நோயற்றவர்களில் 7 விழுக்காட்டினரிடமும் அது கிடைத்தது. அவர்கள் குறிவைத்தது வைரஸ் மரபணுத் தொகுதியில் சுமார் பத்து முறை திரும்பத் திரும்ப வரும் பாம்-எச்1-டபிள்யூ பகுதி. ஒரே பகுதி பத்து இடங்களில் இருப்பதால் ஒரு வைரஸ் நகலுக்கு ஏறத்தாழ பத்துத் துண்டுகள் கிடைக்கும், நுண்மை கூடும். ஆனால் அந்தத் திரும்பல் எண்ணிக்கை வைரஸ் வகைக்கு வகை மாறுவதால், "மில்லிலிட்டருக்கு இத்தனை நகல்" என்பது தோராயமாகிவிடும். எண் துல்லியமாக வேண்டுமென்றால் ஒரே முறை வரும் ஈ.பி.என்.ஏ.1 போன்ற பகுதி. தவறவிடக்கூடாது என்றால் டபிள்யூ. தேடலுக்கு டபிள்யூ-வே என் தேர்வு.

பலவீனம் ஸ்டாண்டர்டு வளைகோடு, அதாவது தெரிந்த அளவுள்ள மாதிரிகள் எத்தனையாவது பெருக்கச் சுற்றில் தென்படுகின்றன என்று வரையும் கோடு. எல்லா எண்ணும் அதன்மேல் நிற்கிறது. சரிவு −3.32 என்றால் ஒவ்வொரு சுற்றிலும் சரியாக இரட்டிப்பாகிறது என்று பொருள், −3.1-க்கும் −3.6-க்கும் வெளியே போனால் அந்த ஓட்டத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தடைப்பொருள் ஒரு சுற்றைத் தள்ளிப்போட்டாலே விடை பாதியாகும். சேர்த்துவிட்ட கட்டுப்பாட்டு டி.என்.ஏ. இரண்டு சுற்றுக்கு மேல் தாமதமாக வந்தால், கரைசலை ஐந்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பார்க்கவும்.

ஆய்வகங்களுக்கிடையே எண்கள் ஒத்துப்போகாதது பழைய தலைவலி. மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்கான பன்னாட்டு ஆய்வுகளுக்கு முன்னோட்டமாக, 2013-இல் வெளியான ஓர் ஒத்திசைவு முயற்சியில், பொதுவான அளவுத்தரங்களையும் ஒரே பி.சி.ஆர். கலவையையும் பயன்படுத்திய பிறகே எண்கள் நெருங்கி வந்தன. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் ஈ.பி.வி.க்குப் பன்னாட்டுத் தரம் ஒன்றை ஏற்படுத்தியது, எச்.பி.வி. 16, 18-க்கும் உண்டு. அவற்றோடு ஒப்பிடாத, ஆய்வகம் தானே தயாரித்த சோதனையின் எண்ணை, வேறொரு ஆய்வகத்தின் வரம்போடு பொருத்திப் பார்ப்பது ஆபத்து. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் ஆய்வுகளில் 1,500, 2,000, 4,000 என்று வெவ்வேறு வரம்புகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிஜிட்டல் பி.சி.ஆர்.

இதில் வளைகோடு கிடையாது. கலவையை ஆயிரக்கணக்கான துளிகளாகப் பிரித்து, ஒளிர்பவை எத்தனை என்று எண்ணுகிறோம். தடைப்பொருளால் துளி கொஞ்சம் மங்கினாலும் எண்ணிக்கையில் வந்துவிடும். குறைந்த அளவில் எண்ணிக்கை நிலையானது; ஒரே நோயாளியை மாதக்கணக்கில் பின்தொடர இதுவே வசதி.

கணக்கை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். 4 மி.லி. பிளாஸ்மா, 50 மைக்ரோலிட்டர் கரைசல், நான்கு கிணறுகளில் மொத்தம் 36 மைக்ரோலிட்டர். எண்ணிய துளிகள் 60,000. அதாவது 51 மைக்ரோலிட்டர் கலவை. ஒளிர்ந்தவை 12. மைக்ரோலிட்டருக்கு 0.235 நகல், 80 மைக்ரோலிட்டர் கலவைக்கு சுமார் 19, முழுக் கரைசலுக்கு 26, பிளாஸ்மா மில்லிலிட்டருக்கு 6.5. அறிக்கையில் 6.5 என்று அச்சாகும். ஆனால் 12 என்ற எண்ணிக்கையின் 95 விழுக்காடு எல்லை 6-இலிருந்து 21 வரை. அதாவது மில்லிலிட்டருக்கு 3.4 முதல் 11.4 வரை எதுவாகவும் இருக்கலாம். மூன்று மாதம் கழித்து 10 வந்தால் "ஏறிவிட்டது" என்று நோயாளியிடம் சொல்ல ஆதாரம் இல்லை.

இன்னொரு பொறி, தண்ணீர் மட்டும் போட்ட கிணற்றிலும் எப்போதாவது ஒரு துளி ஒளிரும். நோயற்ற இருபது முப்பது பேரின் பிளாஸ்மாவை இதே முறையில் ஓட்டி, எத்தனை துளிவரை வெறுமையிலும் வரும் என்று முதலில் வரையறுக்க வேண்டும். ஒரு துளியை வைத்து நோய் திரும்பிவிட்டது என்று எழுதுவது எந்தக் காலத்திலும் கூடாது.

வைரஸ் இருப்பது தெரிந்த ஒப்பீட்டுக் கட்டுப்பாட்டு டி.என்.ஏ.வாக எதை வைக்கிறோம் என்பதும் இங்கே கடிக்கும். செல்லுக்கு இரண்டு ஈ.பி.வி. நகல் கொண்ட நமால்வா செல்வரிசையின் டி.என்.ஏ.வை அப்படியே துளிகளாக்கினால், அடுத்தடுத்து இருக்கும் டபிள்யூ திரும்பல்கள் எல்லாம் ஒரே துளிக்குள் போய் ஒன்றாகவே எண்ணப்படும். பிளாஸ்மாவிலோ அவை ஏற்கெனவே தனித்தனித் துண்டுகள். கட்டுப்பாட்டை வெட்டு நொதியால் முதலில் நறுக்காவிட்டால், இரண்டையும் ஒப்பிடும்போது பத்து மடங்கு வரை பிசகும். எச்.பி.வி.க்குச் செல்லுக்கு ஓரிரண்டு நகல் மட்டும் கொண்ட சிஹா செல்வரிசையே நல்லது. செல்லுக்குச் சுமார் 600 நகல் வைத்திருக்கும் காஸ்கியைத் திறந்த மேசையில் வைத்துக்கொண்டு மில்லிலிட்டருக்கு இரண்டு நகல் தேடுவது, தேடுபவரே குற்றவாளியை உள்ளே அழைத்து வருவது மாதிரி.

வரிசையாக்கம்

இதன் உண்மையான பலம் எளிய எண்கணிதம். எச்.பி.வி.யின் மரபணுத் தொகுதி சுமார் 7,900 பேஸ். 160 பேஸ் துண்டுகளாக உடைந்தால் ஒரு நகலுக்கு ஏறத்தாழ 50 துண்டுகள். ஒரே இடத்தைக் குறிவைக்கும் பி.சி.ஆர். அதில் ஒன்றை மட்டுமே பார்க்கும். முழு வைரஸையும் தூண்டில் போட்டுப் பிடிக்கும் வரிசையாக்கத்துக்கு ஐம்பதும் இரை. ஈ.பி.வி. 1,72,000 பேஸ் என்பதால் அங்கே ஆயிரத்துக்கும் மேல். லைப்ரரி (வரிசையாக்கத்துக்குத் தயார்செய்த துண்டுத் தொகுப்பு) தயாரிப்பில் கணிசமான பங்கு இழந்தாலும், மிகக் குறைந்த அளவில் இந்தச் சாதகம் நிலைக்கும். நடுவழி ஒன்றும் உண்டு: ஈ6, ஈ7 இரண்டிலும் பல குட்டை ஆம்ப்ளிகான்களை ஒரே டிஜிட்டல் கலவையில் சேர்ப்பது. செலவைப் பார்த்தால் பல இடங்களுக்கு இதுவே போதுமானது.

துண்டின் நீளம், எந்த வகை, மனித டி.என்.ஏ.வில் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பவற்றைப் பி.சி.ஆர். சொல்லாது, வரிசையாக்கம் ஒரே ஓட்டத்தில் சொல்லும். பதிலுக்கு அது கேட்கும் விலையும் பெரிது: விடைக்குப் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல், தகவல் பகுப்பாய்வு தெரிந்த ஆள், மாதிரிகள் சேரும்வரை காத்திருப்பு. ஒரே ஓட்டத்தில் அதிக வைரஸ் உள்ள மாதிரியும் குறைந்த மாதிரியும் சேர்ந்து போனால், மாதிரியைக் காட்ட ஒவ்வொரு துண்டிலும் ஒட்டிய அடையாளக் குறிகள் இடம் மாறிப் பக்கத்து மாதிரியில் சில துண்டுகள் தோன்றும். இரு முனையிலும் தனித்தனிக் குறி இல்லாத லைப்ரரியை இந்த வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது.

நோய் வாரியாக

மூக்குத்தொண்டைப் புற்றுநோயில் ஆதாரம் வலுவானது. ஹாங்காங்கில் அறிகுறியற்ற 20,174 ஆண்களைச் சோதித்த ஆய்வு 2017-இல் வெளியானது. முதல் சோதனையில் 1,112 பேருக்கு ஈ.பி.வி. டி.என்.ஏ. தென்பட்டது. சுமார் நான்கு வாரம் கழித்து மறுபடி சோதித்ததும் 309 ஆகச் சுருங்கியது. அவர்களை எண்டோஸ்கோபிக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் அனுப்பியதில் 34 பேருக்குப் புற்றுநோய். நுண்மை (நோயுள்ளவரைப் பிடிப்பது) 97.1 விழுக்காடு, தனித்தன்மை (நோயற்றவரைச் சரியாக விலக்குவது) 98.6 விழுக்காடு. கண்டறிந்தவர்களில் 71 விழுக்காட்டினர் முதல் இரண்டு நிலைகளில் இருந்தார்கள். வழக்கமாக அது 20 விழுக்காடு. கருவியை மாற்றாமல், ஒரு மாத இடைவெளியில் இரண்டாவது குழாய் ரத்தம் எடுத்தே பொய் விடைகளில் பெரும்பகுதியை வடிகட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே கூட்டத்தில் வரிசையாக்கத்தால் துண்டுகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் பார்த்தபோது, "உண்டு" என்ற விடை உண்மையாக இருக்கும் வாய்ப்பு 11 விழுக்காட்டிலிருந்து 19.6 ஆனது; 2018-இல் வெளியான முடிவு இது. இந்தப் புற்றுநோய் அரிதான மக்களிடையே இதே சோதனையை விரித்தால், இந்த விழுக்காடுகள் சரிந்துவிடும். அங்கே தேடலே வேண்டாம் என்பது நியாயமான முடிவு.

சிகிச்சைக்குப் பின் எப்போது எடுப்பது என்பதில் பொறுமை வேண்டும். அறுவைச் சிகிச்சையில் கட்டியை எடுத்ததும் ஈ.பி.வி. டி.என்.ஏ. சில மணி நேரங்களில் வடிந்துவிடும். அரை ஆயுள் 139 நிமிடம் என்று அளந்திருக்கிறார்கள். கதிர்வீச்சில் அப்படி இல்லை: முதல் வாரத்தில் செல்கள் மடியும்போது அளவு ஏறும், பிறகே இறங்கும். அந்த ஏற்றத்தைப் பார்த்துச் சிகிச்சை பலிக்கவில்லை என்று முடிவுகட்டக்கூடாது. கதிர்வீச்சு முடிந்து 6 முதல் 8 வாரத்தில் எடுப்பது பொருத்தம். அப்போதும் டி.என்.ஏ. மிச்சமிருந்தால் நோய் திரும்பும் அபாயம் கூடுதல்தான். ஆனால் அப்படிப்பட்டவர்களுக்குக் கூடுதல் கீமோ கொடுத்துப் பார்த்த ஹாங்காங் ஆய்வில் (2018) பலன் கூடவில்லை. அபாயத்தைக் காட்டுவதும் அதைக் குறைப்பதும் இரண்டு வேலைகள்.

வாய்த்தொண்டை எச்.பி.வி. புற்றுநோயில் டிஜிட்டல் பி.சி.ஆர். முன்னால் இருக்கிறது. 2020-இல் வெளியான, 115 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், சிகிச்சைக்குப் பின் ஒருமுறைகூட டி.என்.ஏ. தென்படாத 87 பேரில் எவருக்கும் நோய் திரும்பவில்லை. அடுத்தடுத்து இரண்டு முறை தென்பட்ட 16 பேரில் 15 பேருக்குத் திரும்பியது. ஒரே ஒரு முறை தென்படுவதற்கும் இரண்டு முறைக்கும் உள்ள இந்த இடைவெளிதான் நடைமுறைக்கு முக்கியம். இத்தகைய சோதனைகள் 16, 18, 31, 33, 35 ஆகிய வகைகளைத் தேடுகின்றன. கட்டி வேறு வகையென்றால் விடை எப்போதும் "இல்லை" என்றே வரும். அதனால் சிகிச்சைக்கு முன்பே ஒரு குழாய் எடுத்தாக வேண்டும். தொடக்கத்தில் தென்படாத நோயாளியிடம் பிறகு தென்படாததை நல்ல செய்தியாக எண்ணக்கூடாது. கட்டியில் பி16 (எச்.பி.வி.யை மறைமுகமாகக் காட்டும் புரதம்) சாயம் ஏறியது என்பதை மட்டும் நம்பவும் வேண்டாம். பத்தில் ஒன்று அளவுக்குப் பி16-உம் எச்.பி.வி.யும் ஒத்துப்போவதில்லை.

கல்லீரலில் கதையே வேறு. அங்கே ரத்தத்தில் பி வைரஸின் அளவு தொற்றைக் காட்டும், கட்டியைக் காட்டாது. கட்டியின் அடையாளம் வேண்டுமென்றால் வைரஸும் மனித டி.என்.ஏ.வும் ஒட்டிய சந்திப்புத் துண்டைத் தேட வேண்டும். அது நோயாளிக்கு நோயாளி மாறுவது. முதலில் கட்டியில் வரிசையாக்கம் செய்து இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு அந்த ஒருவருக்காகவே பி.சி.ஆர். வடிவமைக்க வேண்டும். அன்றாட வேலைக்கு இது இன்னும் எட்டாத தூரம். உறங்கும் பி வைரஸை விழிக்க வைக்கக்கூடிய ரிட்டுக்சிமாப் போன்ற மருந்து தொடங்கும் முன் பி வைரஸ் பார்ப்பது தனி விஷயம். அதற்கு வைரஸ் அளவுச் சோதனை மட்டும் போதாது, வைரஸின் மேற்பரப்புப் புரதத்தையும் (எச்.பி.எஸ்.ஏ.ஜி.) பழைய தொற்றைக் காட்டும் ஆன்டிபாடியையும் (ஆன்டி-எச்.பி.சி.) பார்க்க வேண்டும், தவறவிடவும் கூடாது.

மெர்கெல் செல் தோல் புற்றுநோயில் சுமார் 80 விழுக்காடு கட்டிகளில் பாலியோமா வைரஸ் உண்டு. அங்கே வைரஸ் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கும் சோதனையே ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. உறுப்பு மாற்றத்துக்குப் பின் வரும் லிம்போமாவில் முழு ரத்தமா பிளாஸ்மாவா என்ற விவாதம் ஓயவில்லை. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எடுக்க வேண்டும். மூன்று மடங்குக்குக் குறைந்த ஏற்ற இறக்கத்தை அளவீட்டின் தற்செயல் இரைச்சலாகவே கொள்ள வேண்டும்.

விடை வந்த பிறகு

தென்பட்டது என்றால் முதல் வேலை புதிதாக ரத்தம் எடுத்து மறுபடி சோதிப்பது. அதே கரைசலை மறுபடி ஓட்டுவது, குழாயில் நடந்த தவறை மறுபடியும் உறுதிசெய்யும். இடையில் வேறு தொற்றோ கடுமையான நோயோ இருந்தால் ஈ.பி.வி. தானாகவே விழித்திருக்கலாம். இரண்டாவது முறையும் தென்பட்டால் ஸ்கேன். ஸ்கேன் சுத்தமாக இருந்தால் அதை வைத்து மருந்தை மாற்ற வேண்டாம்; கண்காணிப்பு இடைவெளியைக் குறைப்பது போதும்.

அறிக்கையில் "உண்டு / இல்லை" என்ற சொல்லோடு, சோதித்த பிளாஸ்மாவின் அளவு, குறிவைத்த மரபணுப் பகுதி, ஆம்ப்ளிகானின் நீளம், தேடிய வைரஸ் வகைகள், அந்த அளவில் கண்டறியும் வரம்பு, குழாயின் வகை, எடுத்ததிலிருந்து பிரித்ததுவரை ஆன மணி நேரம், சேர்த்துவிட்ட கட்டுப்பாடு கிடைத்ததா என்பதும் இருக்க வேண்டும். எந்தக் கருவி என்பதைக் கடைசி வரியில் போட்டுக்கொள்ளலாம்.